தட்டோடு திரும்பிய துணிகள்

கிறிஸ்மஸுக்கு, எங்கள் பேச்சில் நத்தாருக்கு, அடுத்த நாள் காலை, எதிர் வீட்டுப் பஹ்மியா தட்டைத் திருப்பிக் கொண்டுவந்தாள். கதவைத் திறந்ததும் வட்டிலப்ப வாசனைதான் முதலில் வந்தது. தட்டு நிறைய, தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டு அவித்த வட்டிலப்பத் துண்டுகள். அதற்கு மேல் நான் கொடுத்த அதே துணி. கழுவி, அயன் செய்து, நாலாக மடித்து, சிவப்புக் குருவியின் தலை மேலே தெரியும்படி வைத்திருந்தாள்.

"ஆன்ட்டி, ஒங்கட பலகாரம் நல்லா ஈந்திச்சி. புள்ளயள் ஒண்டும் மிச்சம் வெக்கல்ல. துணிய நல்லாக் கழுவித்தான் ஈக்கி, எண்ணெக் கறை ஒண்டும் இல்ல பாருங்க."

"ஓம், ஓம். வலு துப்புரவா இருக்கு," என்றேன். வேறு என்ன சொல்வது? 'அது உனக்குத் தந்ததம்மா, பலகாரம் சும்மா சாட்டுக்கு வைத்தது' என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நான் தட்டைக் கையில் வைத்தபடி கதவடியிலேயே நின்றேன்.

மத்தியானத்துக்குள் மற்ற இரண்டு துணிகளும் வந்துவிட்டன. கீழ் வீட்டு மிஸிஸ் டி மெல்லின் தட்டு, நான் குளித்துவிட்டு வந்து பார்த்தபோது வாசல் மிதியடியில் இருந்தது. மினுங்கல் தாளில் சுற்றிய கேக் துண்டுகள், மேலே மடித்த துணி. மூன்றாவதை மேல் வீட்டு ஜெகதீஸ்வரியே கொண்டுவந்தா. அதைப் பிறகு சொல்கிறேன். பிள்ளைத்தாய்ச்சியைப் பராமரிப்பது போலப் பார்த்துப் பார்த்துச் செய்த மூன்று துணிகளும் மேசையில் வரிசையாக இருந்தன. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பிழை அவர்களுடையது இல்லை. பலகாரத் தட்டை மூடி வருகிற துணி தட்டுக்காரருக்குச் சொந்தம். கழுவி மடித்துத் தட்டோடு திருப்பிக் கொடுக்க வேண்டும், தட்டை வெறுமையாகக் கொடுக்கக் கூடாது. இதை நானே என் வாழ்நாளில் எத்தனை வீட்டுக்குச் செய்திருப்பேன்! அப்படிப்பட்ட நான்தான், அன்பளிப்பைக் கொண்டுபோய்த் தட்டுக்கு மேல் மூடியாகப் போட்டுக் கொடுத்தேன்.

அந்த மூன்று துணிகளையும் அவர்கள் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில் எனக்கு என்ன அவ்வளவு அவதி என்று கேட்பீர்கள். அந்த வருடம் ஆனி மாதம் நடந்ததைச் சொன்னால்தான் விளங்கும். நான் கனடா விசாவுக்காக யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருந்து வந்து கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தேன். மகன் சிவபாலன் ரொறன்ரோவில். அவனுடைய அப்பா நெஞ்சுவலியில் போனபிறகு எனக்கு வேறு யாரும் இல்லை. லொட்ஜில் மூட்டைப்பூச்சி தாங்க முடியாமல் வைகாசியில் இந்த பிளட்டுக்கு மாறினேன். ஆனியில், ஒரு விடியற்காலை, பொலிஸார் வந்து லொட்ஜுகளில் இருந்த தமிழ்ச் சனத்தை பஸ்ஸில் ஏற்றி வடக்கே வவுனியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். என் பக்கத்து அறையில் இருந்த மயிலம்மாவும் அதில் போனா. கண் ஒப்பரேஷனுக்கு வந்தவ, அடுத்த கிழமை ஒப்பரேஷன்.

வவுனியாவில் இருந்து போன் எடுத்தபோது மயிலம்மா ஒன்று சொன்னா. "பொலிஸ் பதிவுத் துண்டு எல்லாம் காட்டினனான் பிள்ளை. அவங்கள் மனேஜரைப் பார்த்து, இவவைத் தெரியுமோ எண்டு கேட்டாங்கள். அந்த மனிசனுக்கு என்ர அறை நம்பர்தான் தெரியும். ஆளைத் தெரியாது எண்டிட்டான்."

அன்றைக்கு எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. கையில் எத்தனை கடதாசி இருந்தாலும் போதாது. ஒரு வாய் வேண்டும். 'ஓம், இவவை எனக்குத் தெரியும்' என்று சொல்கிற ஒரே ஒரு வாய். என் கடதாசியும் ஒழுங்காக இல்லை. வெளியூர்த் தமிழர் கொழும்பில் தங்க எடுக்க வேண்டிய பொலிஸ் பதிவு பழைய லொட்ஜ் விலாசத்தில் இருந்தது. மாற்றுவதென்றால் வீட்டுக்காரர் இரத்தினசிங்கம் ஸ்டேஷனுக்கு வந்து நிற்க வேண்டும். அவரோ லண்டனில் குளிரில் நிற்கிறார்.

கொழும்பு பிளட்டுகளில் ஆட்களைத் தெரிந்துகொள்வது லேசான காரியம் இல்லை. எங்கள் படிக்கட்டில் மின்குமிழ் எரிவதில்லை. அந்த மங்கலில் ஆளை ஆள் கடக்கும்போது ஒரு சிரிப்பு, ஒரு தலையசைப்பு. ஆன்ட்டி என்றால் ஆன்ட்டிதான், பேரை யாரும் கேட்பதில்லை. என்னை ஒருவர் மட்டும் விசாரித்தார், மேல் வீட்டு ஜெகதீஸ்வரியின் கணவர் நாகேந்திரம். கணக்காளராக இருந்தவர், கொழும்புக்கு வந்து முப்பது வருடம் ஆகிறதாம்.

"எந்த இடம் நீங்கள்?"

"கொக்குவில்."

"எப்ப வந்தனீங்கள்?"

"பங்குனியிலதான்."

அந்தப் பதிலோடு அவருடைய முகம் சாத்திக்கொண்டது. அதன் பிறகு படியில் என்னைக் கண்டால் அவருக்குத் தவறாமல் கைத்தொலைபேசி அழைப்பு வரும். மணி அடித்ததை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

சரி, அந்தத் துணிகளைத் தைத்த மெஷினுக்கு வருகிறேன். அதை அனுப்பியது சிவபாலன். அம்மா தனியே இருந்து யோசிக்கிறா என்று, பாவித்த ஒரு எம்பிராய்டரி மெஷினை வாங்கி, வருகிற ஆளிடம் கொடுத்துவிட்டான். கனடா மின்சாரம் வேறு, இங்கத்தைய மின்சாரம் வேறு. அதனால் இரும்புப் பெட்டி மாதிரி ஒரு ட்ரான்ஸ்போமரும் வாங்க வேண்டி வந்தது. பம்பலப்பிட்டியில் இருந்து அதைப் பையில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தபோது செக்பொயின்றில் சோதனைக்கு இறக்கி, குண்டோ என்று ஆராய்ந்தார்கள். தையல் மெஷினுக்கு என்று கையால் தைப்பது போலச் செய்து காட்டினேன். ஒரு பொலிஸ்காரர் சிரித்துவிட்டார், அதனால் தப்பினேன்.

எனக்கு ஊரில் காலால் மிதிக்கிற மெஷின்தான் பழக்கம். இது வேறு சாதி. துணியை வளையத்தில் முரசுத் தோல் மாதிரி இறுக்கி, அடியில் கெட்டித்தாள் வைத்துப் பூட்ட வேண்டும். சின்னக் கார்ட் ஒன்றைச் செருகினால் திரையில் படங்கள் வரும். ஒன்றைத் தொட்டுப் பொத்தானை அழுத்திவிட்டால், பிறகு நமக்கு வேலை இல்லை. வளையம் தானாக அங்கும் இங்கும் ஓட ஊசி குத்திக்கொண்டே போகும். ஒரு நிறம் முடிந்ததும் மெஷின் நின்று, கீச் கீச்சென்று கூப்பிடும். நூலை மாற்றிக் கொடுக்க வேண்டும். அந்த வீட்டில் என்னைக் கூப்பிடுகிற குரல் அது ஒன்றுதான். வெட்கமில்லாமல் சொல்கிறேன், சில நேரம் குசினியில் நின்றுகொண்டு அது இரண்டாம் முறை கூப்பிடட்டும் என்று காத்திருப்பேன். "வாறன், வாறன்" என்று பதிலும் சொல்வேன்.

மெஷினோடு வந்தது ஒரே ஒரு கார்ட். எல்லாம் அந்த நாட்டுக் குளிர்காலப் படங்கள். பனிமனிதன், காலுறை, நட்சத்திரம், மணி. கடைசியில் ஒரு படம்: ஒரு கம்பத்தின் மேல் கூரை வைத்த சின்னப் பெட்டி, நடுவில் வட்டமாக ஒரு ஓட்டை, கூரையில் பனி, பக்கத்தில் கொண்டை வைத்த ஒரு குருவி. முதலில் உண்டியல் என்று நினைத்தேன். கோயில் உண்டியலுக்குப் பக்கத்தில் குருவிக்கு என்ன வேலை என்று ஞாயிற்றுக்கிழமை போனில் மகனைக் கேட்டேன்.

"அது குருவி வீடம்மா. இஞ்ச சனம் வளவில செய்து வைப்பினம். குளிருக்குக் குருவியள் வந்து இருக்கும்."

"வாடகை கேக்க மாட்டினமோ?"

"இல்லையம்மா."

"அப்ப பொலிஸ் பதிவு?"

அவன் சிரிக்கவில்லை. "அம்மா, போனில கவனமாக் கதையுங்கோ," என்றான்.

நத்தாருக்கு இதைத் தைத்து மூன்று வீட்டுக்கும் கொடுப்பது என்று அன்றே முடிவு செய்தேன். பஹ்மியா இஸ்லாமியப் பிள்ளை, மிஸிஸ் டி மெல் சிங்களக் கத்தோலிக்கர், நாகேந்திரம் வீட்டில் சுவாமிப் படங்கள். நட்சத்திரம் போட்டால் ஒருவருக்கு ஆகாது, விளக்குப் போட்டால் இன்னொருவருக்கு ஆகாது. குருவி வீடு யாருக்கும் ஆகும். புலியும் இல்லை, சிங்கமும் இல்லை. நத்தாருக்கும் சரி, வருடப்பிறப்புக்கும் சரி, யார் வீட்டு மேசையிலும் பேசாமல் கிடக்கும். என்றைக்காவது என்னைப் பற்றிக் கேட்கிறபோது, 'ஓ, அந்தக் குருவித் துணி தந்த மனிசி' என்று ஞாபகம் வரும். என் திட்டம் அவ்வளவுதான்.

தொடங்கிய பிறகுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. திரையில் காட்டிய நிறப்படி கூரை நல்ல மஞ்சள், குருவி நல்ல சிவப்பு. பரீட்சைக்குப் பழைய துணியில் தைத்துப் பார்த்தேன். மெஷின் முடித்துக் கீச்சிட்டதும் எடுத்துப் பார்த்துப் பயந்துபோனேன். சிவப்பும் மஞ்சளும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. அந்த நாட்களில் கொழும்பில் இந்த இரண்டு நிறத்தையும் ஒன்றாகப் பார்த்தால் எந்தக் கொடி ஞாபகம் வரும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கோயில் குங்குமத்தையும் சந்தனத்தையும் கூடப் பார்த்துப் பூசிய காலம். அந்தத் துணியைத் துண்டு துண்டாக வெட்டி, வேறு வேறு நாளில் குப்பையில் போட்டேன். கூரையை மண்ணிறமாக்கினேன். வெள்ளைத் துணியில் வெள்ளைப் பனி தெரியாது, அதனால் பனியை இளநீலமாக்கினேன். குருவி மட்டும் சிவப்பாகவே இருந்தது. அதையும் மாற்ற மனம் வரவில்லை.

இரண்டாவது துணியில் குருவியின் வாலடியில் நிற்கும்போது கரண்ட் போய்விட்டது. மெஷினுக்கு எங்கே நின்றோம் என்பது மறந்துபோகும். கரண்ட் வந்ததும் தையல் தையலாக முன்னே தள்ளித் தள்ளி, விட்ட இடத்தைக் கண்டுபிடித்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் அந்தக் குருவிக்கு வால் கொஞ்சம் தடிப்பு. அதை நாகேந்திரம் வீட்டுக்கு ஒதுக்கினேன்.

கரைகளை மடித்துத் தைத்து, மூன்று தட்டில் சிப்பிப் பலகாரமும் முறுக்கும் வைத்து, மேலே துணியை விரித்து, நத்தாருக்கு முதல் நாள் பின்னேரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மிஸிஸ் டி மெல் கதவைப் பாதிதான் திறந்தார். அரசாங்க ஆசுபத்திரியில் தலைமைத் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர், உயரமான மனிசி. எழுதிப் பாடமாக்கிய சிங்களத்தில் நத்தார் வாழ்த்துச் சொன்னேன். "போஹொம ஸ்துதி" என்று நன்றி சொல்லித் தட்டை வாங்கிக்கொண்டார். துணியைத் தடவிப் பார்த்தார், அது நிச்சயம். அதற்கு மேல் சொல்ல என்னிடம் சிங்களம் இல்லை. கதவு சாத்தியதும், படி ஏறும்போது பாட்டு ஒன்று கூட முணுமுணுத்தேன். அவ்வளவு சந்தோசம்.

நத்தார் முடிந்த மறுநாளே மூன்றும் திரும்பி வந்த கதையைச் சொன்னேன். இரண்டு வீடு வழக்கப்படி திருப்பியது. ஜெகதீஸ்வரி அப்படி இல்லை. அவ உள்ளே வரவும் இல்லை, கதவடியில் நின்று மெதுவாகக் கதைத்தா.

"துணி நல்ல வடிவு, அக்கா. எங்களுக்குத் தந்தது எண்டு எனக்கு விளங்கினது. நீங்கள் குறை நினைக்கக் கூடாது. இவருக்குப் பயம். பதிவில்லாத ஆக்களோட புழங்கினா எங்களையும் விசாரிப்பினமாம்."

"அதுக்கென்ன, பரவாயில்லை," என்றேன்.

தட்டில் சீனி போட்டிருந்தா. வழக்கமாகப் போடுவதை விடக் கூடவே போட்டிருந்தா. அந்தச் சீனியில் நான் ஒரு மாதம் தேத்தண்ணீர் குடித்திருக்கலாம். ஆனால் அன்றைக்கு அதைத் தொடக்கூட மனம் வரவில்லை. எனக்கு அவவில் கோபம் இல்லை. தனிமை என்றால் யாரும் இல்லாமல் இருப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மேலே ஒரு வீடு, கீழே ஒரு வீடு, எதிரே ஒரு வீடு, நடுவில் இருந்துகொண்டு அதை அனுபவிப்பது வேறு மாதிரி.

பஹ்மியாவுக்கும் மிஸிஸ் டி மெல்லுக்கும் துணிகளைத் திரும்பக் கொண்டுபோய், இந்த முறை தட்டில்லாமல் வெறும் துணியாகக் கொடுப்பது என்று தீர்மானித்தேன். "மேக நோனாட்ட" - இது உங்களுக்கு. இரண்டே சொல். குசினியில் நின்று பலமுறை சொல்லிப் பார்த்தேன். ஆங்கில வருடப்பிறப்புக்குப் போகலாம் என்று நினைத்தேன். அன்றைக்கு மிஸிஸ் டி மெல் வீட்டில் விருந்தாளிகள். சரி, தைப்பொங்கலுக்குப் பொங்கின புக்கையோடு போகலாம் என்று தள்ளிப்போட்டேன். வெட்கம் என்று சொல்லலாம். இரண்டாம் முறையும் திருப்பித் தந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் என்றும் சொல்லலாம்.

பொங்கலுக்கு முன்பே பொலிஸின் சுற்றிவளைப்பு வந்தது. காலைத் தேத்தண்ணீர் அடுப்பில் இருந்தபோது கதவைத் தட்டினார்கள். எல்லோரும் அடையாள அட்டையோடு கீழே வரவேண்டும். சேலை மாற்ற விடவில்லை. ஹவுஸ்கோட்டோடு, தோளில் ஒரு துவாயைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். பஹ்மியா வீடு பூட்டியிருந்தது, கல்யாணத்துக்குப் பேருவளைக்குப் போயிருந்தார்கள். மிஸிஸ் டி மெல்லின் கதவிலும் பூட்டு. அது ஞாயிறு, அவர் பூசைக்குப் போயிருப்பார். வாசலில் நின்ற அதிகாரி என் அட்டையையும் பதிவுத் துண்டையும் மாறி மாறிப் பார்த்தார். விலாசம் இரண்டும் இரண்டு, நான் நிற்பது மூன்றாவது இடம். அவர் சொன்னதைப் பக்கத்தில் நின்றவர் தமிழில் உரக்கக் கேட்டார்.

"இந்தம்மாவ யாருக்குத் தெரியும்?"

வேறு மாடிகளில் இருந்து வந்தவர்களுக்கு என்னைத் தெரியாது, அது உண்மை. நாகேந்திரம் தன் அடையாள அட்டையில் உள்ள படத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். முப்பது வருடமாக அவரிடம் இருக்கிற அட்டை. ஜெகதீஸ்வரி அழுதா. அழுதாவே தவிர, வாய் திறக்கவில்லை. எனக்கு அப்போதுதான் கோபம் வந்தது. நல்ல கோபம். எங்களை ஏற்றிய பொலிஸ் பஸ்ஸில் இருந்த பிறகு அதுவும் போய்விட்டது. அவர்களுடைய இடத்தில் நான் நின்றிருந்தால் சத்தமாக என்ன சொல்லியிருப்பேன் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன்.

ஸ்டேஷன் விறாந்தையில் எங்களை நீள வாங்குப் பலகையில் இருத்தினார்கள். ஆண்களை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். பெண்கள் ஒரு பத்துப் பதினைந்து பேர் இருந்திருப்போம். வெயில் ஏற ஏற ஒவ்வொருவருக்காக ஆள் வந்தது. ஒருத்தியின் அண்ணன், ஒருத்தியின் முதலாளி, ஒருத்திக்கு ஒரு லோயர். பேர் சொல்வார்கள், கொன்ஸ்தாபல் கூப்பிடுவார், அவள் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, எங்களைப் பார்க்க மனமில்லாமல் போவாள். மத்தியானம் தாண்டியபோது வாங்கில் மூன்றே பேர். மன்னாரில் இருந்து மருந்தெடுக்க வந்த ஒரு அம்மா, என் வயதும் என் பருமனும், என்னைப் போலவே கண்ணாடி. நடுவில் ஒரு கிளிநொச்சிப் பிள்ளை. வெளிநாட்டு வேலைக்கு என்று ஏஜென்சிக்காரன் கூட்டிவந்து விட்டுப் போனானாம், அவனுடைய போன் வேலை செய்யவில்லை. இந்த முனைத் தொங்கலில் நான். இருட்டுகிறதுக்கு முதல் ஆள் வராதவர்களை வேறு இடத்துக்கு ஏற்றுவார்கள் என்று கதை. எங்கே என்று யாரும் சொல்லவில்லை.

"உங்களுக்கு ஆரும் வருவினமோ அன்ரி?" என்று அந்தப் பிள்ளை கேட்டாள்.

"தெரியாதம்மா. உமக்கு?"

"எனக்கு ஒருத்தரும் இல்லை," என்றாள். காலையில் இருந்தே அதைத் தெரிந்து வைத்திருந்தவள் போலச் சொன்னாள்.

அப்போதுதான் கேற்றடியில் ஒரு குடை மடங்கியது. மிஸிஸ் டி மெல். வீட்டுக்குத் திரும்பியதும் யாரோ சொல்லியிருக்க வேண்டும், பூசைக்குக் கட்டிய வெள்ளைச் சேலையையும் மாற்றாமல் வந்திருந்தார். எழும்பப் பார்த்தேன். "இருங்க, கதைக்க வேணாம்," என்று கொன்ஸ்தாபல் கையை நீட்டி இருத்தினார். மிஸிஸ் டி மெல் மேசையில் இருந்த பொலிஸ்காரரிடம் போய், தாதிமாருக்கு உத்தரவு போட்ட அதே குரலில் சிங்களத்தில் சொன்னார். எனக்கு விளங்கிய அளவில்: எங்கள் கட்டடத்தில் இருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்திருக்கிறீர்கள். என் வீட்டுக்கு மேல் மாடியில் இருக்கிறவர். நல்ல மனிசி. எனக்கு அவரைத் தெரியும்.

தெரியும் என்று சொன்னார். என் காதால் கேட்டேன். கண்ணாடிக்குள் தண்ணீர் நிறைந்துவிட்டது.

மேசைக்காரர் பேர்ப் பட்டியலை இழுத்து வைத்துக்கொண்டு, பேனையைத் தூக்கினார். "நம மொகக்த?"

பேர் என்ன என்று கேட்கிறார். மிஸிஸ் டி மெல் வாயைத் திறந்தார். பிறகு மூடினார். அவருடைய கை குடைப்பிடியை இரண்டு தரம் திருகியது. தெரியாது என்று மெதுவாகச் சொன்னார். மேசைக்காரர் பேனையை வைத்துவிட்டார். பேர் தெரியாத ஆளை எப்படித் தெரியும் என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. அருந்ததி, அருந்ததி என்று என் பேரை நானே வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சரி, ஆளைக் காட்டுங்கள் பார்ப்போம் என்று மேசைக்காரர் வாங்கைக் காட்டினார்.

மிஸிஸ் டி மெல் எங்கள் பக்கம் திரும்பினார். இருட்டுப் படிக்கட்டில், சேலையோடும் பையோடும் பார்த்த ஒருத்தியை, வெயில் விழும் விறாந்தையில் ஹவுஸ்கோட்டோடு தேட வேண்டும். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டு, மன்னார் அம்மா இருந்த தொங்கலில் இருந்து பார்க்கத் தொடங்கினார். அந்த அம்மா தோளை நேராக்கி நிமிர்ந்தா. கிளிநொச்சிப் பிள்ளை, இந்த மனிசியைப் பிறந்ததில் இருந்து கண்டிராதவள், கண்ணில் விழுந்த மயிரை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு முகத்தை உயர்த்தினாள். நானும் துவாயால் முகத்தைத் துடைத்துவிட்டு உயர்த்தினேன். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க இருக்கிறவர்களைப் போல மூன்று பேரும் கழுத்தை நிமிர்த்தி, கண் வெட்டாமல், அவரையே பார்த்துக்கொண்டு இருந்தோம்.